கத்தி கை மாறிய கதை: மறைவிட முடியும் நம்ம தோலும்

பலாங்கொடை பஜாரில் எந்தச் சில்லறைக் கடைக்குப் போனாலும் கல்லாப் பக்கத்தில் ஒரு அட்டையில் ரேசர் வரிசையாகத் தொங்கும். பக்கத்திலேயே முடி அகற்றும் கிரீமும் இருக்கும். வாங்குற எல்லாரும் தாடிக்குத்தான் வாங்குறாங்க என்று கடைக்காரரே நம்பமாட்டார். மறைவிட முடியை எடுக்கிறது நம்ம வயசுக்காரங்க மத்தியில், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல், சாதாரணப் பழக்கமாகிவிட்டது. ஆனால் அதுக்குப் பிறகு வருகிற அரிப்பு, எரிச்சல், சிவப்புப் பருக்கள், சில நேரம் சீழ்க்கட்டி இதையெல்லாம் பற்றி யாரும் யாருகிட்டயும் பேசுறதில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருமலுக்கு மருந்து கேட்கிறோம், காலில் குத்திய முள்ளைக் காட்டுறோம். இதை மட்டும் காட்டுறதில்லை.

வெட்கம்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். நாங்க கொஞ்சம் பின்னால போய்ப் பார்த்தோம். இந்த முடியை எடுக்கிற பழக்கத்துக்கு ஆயிரக்கணக்கான வருச வரலாறு இருக்கு. அந்த வரலாற்றில் கத்தி பல கை மாறியிருக்கு. கடைசியா நம்ம கைக்கு வந்தபோது கத்தி மட்டும்தான் வந்தது. அதோட இருந்த கைப்பக்குவம் வரவில்லை.

பூசாரி, பிக்குணி, வைத்தியர்

கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க எழுத்தாளர் ஹெரோடோட்டஸ் எகிப்தியப் பூசாரிகளைப் பற்றி எழுதும்போது, அவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு முழுவதும் சவரம் செய்துகொள்வார்கள் என்கிறார். தெய்வத்துக்கு முன்னால் நிற்கிறவர் உடம்பில் பேன் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர் சொல்கிற காரணம். இஸ்லாத்தில் மறைவிட முடியை நீக்குவது இயற்கையான தூய்மைப் பழக்கங்களில் ஒன்று. 40 நாளுக்கு மேல் விடக் கூடாது என்று ஹதீஸில் கணக்கே உண்டு. நம்ம ஊர் முஸ்லிம் நண்பர்களுக்கு இது சின்ன வயசிலிருந்தே தெரிந்த விஷயம். அவங்க வீட்டில் இதைச் சொல்லித் தர ஒரு வழக்கம் இருக்கு.

பௌத்தம் நேர் எதிராகப் போனது. பிக்குணிகள் மறைவிட முடியை எடுக்கக் கூடாது என்று விநயத்தில் தனி விதியே இருக்கிறது. பிக்குகளுக்கும் தடைதான். ஆனால் ஒரு விலக்கு உண்டு. ஒரு பிக்குவுக்கு அந்த இடத்தில் புண் வந்தது, முடி இருந்ததால் மருந்து ஒட்டவில்லை, அதனால் நோய் இருந்தால் எடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது என்று விநயம் சொல்கிறது. நம்ம நாட்டில், மாத்தளை அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படுகிற அதே பாளி நூல்தொகுதியில்தான் இது இருக்கிறது. இதைப் பற்றியெல்லாம் எழுதலாமா என்று அப்போது யாரும் கூச்சப்படவில்லை போல.

அந்த விலக்குக்குப் பின்னால் இருக்கிறது வைத்தியரின் யோசனை. சுஸ்ருத சம்ஹிதையில் புண்ணுக்கான 60 சிகிச்சை முறைகளில் முடி நீக்குவதும் ஒன்று. சங்குச் சுண்ணமும், நம்ம சித்த மருத்துவத்தில் தாளகம் என்கிற மஞ்சள் அரிதாரமும் சேர்ந்த பூச்சு அதுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. துருக்கியக் குளியலறைகளிலும் சுண்ணாம்பும் அரிதாரமும் கலந்த களிம்பைத்தான் பூசினார்கள். அரிதாரம் ஆர்செனிக், அதாவது விஷம். கொஞ்ச நேரம் கூடினால் முடியோடு தோலும் போய்விடும். அதனால்தான் அது பழகியவர் கையில் மட்டும் இருந்தது.

இன்றைக்குக் கடையில் விற்கிற கிரீமில் ஆர்செனிக் இல்லை. தயோகிளைக்கோலேட் என்கிற உப்பு இருக்கு. அது முடியின் புரதக் கட்டை உடைத்து முடியைக் கூழாக்கும். தோலும் கிட்டத்தட்ட அதே வகைப் புரதத்தால் ஆனதுதான். பெட்டியில் போட்டிருக்கிற நிமிசக் கணக்கை மீறினால் தோல் வெந்துபோறது அதனால்தான்.

நாவிதரின் பெட்டியில் இருந்தது

நம்ம முன்னோர் வந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த வேலை நாவிதருடையது. பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா தென்னிந்தியாவில் பல வருசம் வாழ்ந்து எழுதிய நூல் 1816இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தெற்கே பல இடங்களில் புருவத்தைத் தவிர உடம்பு முடி எல்லாவற்றையும் நாவிதரிடம் எடுத்துக்கொள்கிற வழக்கத்தை அவர் அதில் குறிப்பிடுகிறார். கல்யாண நாளில் பிராமணர்கள் இதைத் தவறாமல் செய்வார்களாம்.

நாவிதர் வெறும் முடிவெட்டுகிறவர் இல்லை. கட்டி கீறுவதும் புண்ணுக்கு மருந்து போடுவதும் அவர்தான். அந்தச் சமூகத்துப் பெண்கள்தான் ஊருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு மருத்துவர் என்ற பெயர் இன்றும் உண்டு. கங்காணிமாரோட தோட்டத்துக்கு வந்த கூட்டத்தில் இந்தக் குடும்பங்களும் வந்தன.

அவர் பெட்டியைத் திறந்தால் கத்தி, கத்தியைத் தீட்ட ஒரு கல், தண்ணிக் கிண்ணம், சவரத்துக்குப் பிறகு தேய்க்க ஒரு துண்டு படிகாரம். முதலில் தண்ணியைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்து முடியை ஊறவைப்பார். கத்தியைத் தீட்டாமல் தோலில் வைக்கமாட்டார். கடைசியில் படிகாரம். முனை கூர்மை, ஈரம், பிறகு ஆற்றுதல். இன்றைக்குத் தோல் வைத்தியர் சொல்கிற ஒழுங்கும் கிட்டத்தட்ட இதேதான். ஒரே ஒரு பெரிய குறை: ஒரே கத்தி ஊரில் எல்லாருக்கும் போனது. இரத்தத்தில் பரவுகிற நோய்களைப் பற்றி அன்றைக்குத் தெரியாது.

இந்த அறிவை வைத்திருந்தவரை நம்ம சமூகம் எங்கே வைத்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. உடம்பைத் தொடுகிற வேலை என்பதாலேயே அவரைத் தாழ்த்தினோம். கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும் அவர் வேண்டும், வீட்டுக்குள்ளே வரக் கூடாது. அந்தப் பிள்ளைகள் அந்தத் தொழிலை விட்டு வெளியே போனது சரியான காரியம். ஆனால் அந்த அறிவை மரியாதையோடு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள நம்ம பக்கம் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரி ரேசர்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நகர்ந்தது. மருத்துவச்சியின் இடத்துக்கு நர்ஸ் வந்தார். முடியில் கிருமி இருக்கும், அது தாய்க்கும் பிள்ளைக்கும் தொற்றும் என்று நினைத்து, பிரசவத்துக்கு வருகிற பெண்களுக்குச் சவரம் செய்வது பல நாடுகளில் வழக்கமானது. பிரசவத்துக்குப் போறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணிட்டுப் போகணும் என்று எங்க அம்மாமார் சொல்ல நாங்களும் கேட்டிருக்கோம்.

இது உண்மையிலேயே பயன்தருதா என்று 1922இலேயே அமெரிக்காவில் 389 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். சவரம் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் காய்ச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை. 1965இல் இன்னொரு ஆய்வு, 2005இல் தாய்லாந்தில் 500 பெண்களோடு மற்றொன்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் சவரத்தால் நன்மை என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை. அரிப்பு, சிவத்தல், கீறல், எரிச்சல் மட்டும்தான் கிடைத்தது. பிரசவத்துக்கு முன் வழக்கமாகச் சவரம் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்கிறது.

சத்திரசிகிச்சையிலும் இதே கதை. 1971இல் வந்த ஒரு ஆய்வில், ரேசரால் சவரம் செய்தவர்களில் 5.6 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது. கிரீம் போட்டவர்களுக்கும் முடியை எடுக்காதவர்களுக்கும் 0.6 சதவீதம்தான். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகிறது, கிருமிக்கு அதுவே வாசல். இப்போது முடியை எடுத்தே ஆகணும் என்றால் வைத்தியர்கள் ரேசரை விட்டுவிட்டு கிளிப்பரால் கத்தரிக்கிறார்கள்.

படித்த வைத்தியர்களே முடியை அழுக்கு என்று நம்பி, பிளேடுதான் புண்ணாக்குகிறது என்பதை ஒத்துக்கொள்ள ஒரு நூற்றாண்டு எடுத்திருக்கிறது. இது நம்ம மனசில் நிற்க வேண்டிய விஷயம். முடி இருந்தால் அசுத்தம் என்று உங்ககிட்ட யாராவது சொன்னால், அது ஆதாரம் இல்லாத பேச்சு. அந்த முடி உராய்விலிருந்து தோலைக் காப்பாற்றுது. எடுக்கிறதும் விடுறதும் அவரவர் விருப்பம். காதலனோ கணவனோ, மனைவியோ தோழியோ கட்டாயப்படுத்துகிற விஷயம் இல்லை.

கடை ரேசர்

ஜில்லெட் கம்பெனி 1903இல் விற்றது 51 ரேசர். முதலாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் தன் சிப்பாய்களுக்காக 35 இலட்சம் வாங்கியது. ஆண்களுக்கு விற்றாச்சு, பெண்களுக்கும் விற்கணுமே? 1915இல் பெண்களுக்கென்று தனி ரேசர் வந்தது. அக்குள் முடி அவமானம் என்று விளம்பரங்கள் சொல்ல ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான். 1946இல் பிக்கினி வந்தது. 1987இல் பிரேசிலிலிருந்து வந்த ஏழு சகோதரிகள் நியூயோர்க்கில் தொடங்கிய அழகு நிலையம் முழுவதும் மெழுகால் எடுக்கிற முறையைப் பிரபலமாக்கியது. பிறகு போன் வந்தது, எல்லாம் நம்ம லயத்துக்கும் வந்தது.

2017இல் அமெரிக்காவில் 7,570 பேரிடம் கேட்ட ஒரு ஆய்வில், முடி எடுக்கிறவர்களில் நாலில் ஒருவர் காயம் பட்டதாகச் சொன்னார்கள். சுடுதண்ணிக் குழாயும் கதவு பூட்டுகிற குளியலறையும் உள்ள நாட்டின் கணக்கு இது. நம்ம நிலைமை வேற. பீலியில் நாலு பேர் பார்க்க, பச்சைத் தண்ணியில் குளிக்கிறோம். மறைப்புக்குள்ளே அவசரமாக, வெளிச்சம் இல்லாமல், சில வீட்டில் அப்பா தாடிக்கு வைத்திருக்கிற பிளேடாலேயே எடுக்கிறோம். அடுத்த நாள் காலையில் படங்கைக் கட்டிக்கிட்டு மழையில் நனைந்து மலை ஏறுறோம். கார்மென்ட்ஸுக்குப் போறவங்க நாள் முழுக்க இறுக்கமான உடுப்பில் உட்கார்ந்திருக்காங்க. புதுசா சவரம் பண்ணின தோலுக்கு ஈரமும் உராய்வும் வியர்வையும் ஒண்ணா சேர்ந்தால் எரியாமல் என்ன செய்யும்?

பருக்கள் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த இடத்து முடி சுருள் முடி. ஒட்ட வெட்டினால் வளரும்போது முனை வளைந்து திரும்பத் தோலுக்குள்ளேயே குத்தும். உடம்பு அதை முள் மாதிரி நினைத்துச் சண்டை போடும், அதுதான் பரு. 1956இல் ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்ற இரண்டு தோல் வைத்தியர்கள் தாடியில் வருகிற இந்தப் பருவை விளக்கி எழுதினார்கள். தினமும் ஒட்டச் சவரம் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்கள் இதனால் நிறைய அவதிப்பட்டார்கள். அவர்கள் அழுக்காக இருந்ததால் வரவில்லை, முடி சுருளாக இருந்ததால் வந்தது. நமக்கும் அப்படித்தான்.

அப்போ என்ன செய்யலாம்?

எடுக்கணும் என்றால் சின்னக் கத்தரிக்கோலாலோ டிரிம்மராலோ கட்டையாக வெட்டிவிடுறது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. தோலை ஒட்ட எடுக்காததால் பருவும் குறைவு.

சவரம்தான் என்றால்: முதலில் கத்தரிக்கோலால் குறைங்க. அடுப்பில் கொஞ்சம் தண்ணி வெதுவெதுப்பாக்கி, சுத்தமான துணியை நனைத்து ஐந்து நிமிசம் வையுங்க. வாசம் இல்லாத சவர்க்கார நுரையோ சவரக் கிரீமோ போடுங்க. பிளேடு புதுசா, உங்களுக்கு மட்டும் உரியதா இருக்கணும். தங்கச்சியோடும் பகிர வேண்டாம். கவ்வாத்துக் கத்தி மொட்டையா இருந்தால் கிளை பிளந்துபோகும் என்று நம்ம அப்பாமாருக்குத் தெரியும், தோலும் அப்படித்தான். முடி வளருகிற பக்கமாகவே இழுங்க, எதிர்ப்பக்கம் வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டாம். வேலை இல்லாத நாளுக்கு முந்தின இரவு செய்தால் தோலுக்கு ஓய்வு கிடைக்கும்.

முடிந்ததும் தண்ணியால் கழுவி, ஒற்றித் துடைத்து, தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்க. எரிந்தால் குளிர்ந்த ஈரத்துணி போதும். வாசம் இல்லாத கிரீமோ, ஒத்துக்கொள்கிறவங்களுக்குக் கற்றாழைச் சோறோ பூசலாம். டெட்டோல், எலுமிச்சை, பற்பசை, உப்பு, வாசப் பவுடர் எதுவும் வேண்டாம். படிகாரம் தாடிக்குச் சரி, இந்த இடத்துக்கு வேண்டாம். கிரீம் பாவிக்கிறவங்க முந்தின நாளே முன்கையில் கொஞ்சம் தடவிப் பாருங்க. சவரம் பண்ணின தோலிலும் உள்பக்கச் சளிச்சவ்விலும் போடவே கூடாது.

பரு வந்தால் நகத்தால் கிள்ளாதீங்க. ஆறும் வரைக்கும் பிளேடைத் தொடாதீங்க. வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுங்க. சிவப்பு பரவினால், கட்டி பெரிசாகி வலித்தால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், சர்க்கரை வியாதி இருக்கிறவருக்குப் புண் வந்தால் காத்திருக்க வேண்டாம். நீர்க்கொப்புளமோ வலியில்லாத புண்ணோ இருந்தால் அது வேறு நோயாகவும் இருக்கலாம், கட்டாயம் காட்டணும். பலாங்கொடை ஆதார வைத்தியசாலையில் பார்க்கக் காசு வேண்டாம். தோட்டத்து மருத்துவமாதுவிடமும் கேட்கலாம். "மிஸ், சவரம் பண்ணின இடத்துல புண் வந்திருக்கு" என்று ஒரு வரி போதும். சிங்களத்தில் சொல்லத் தயக்கம் என்றால், முதலே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்க.

வயசுக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிற அன்றைக்கு அத்தைமார் ஆயிரம் விஷயம் சொல்லித் தருவாங்க. பையன்களுக்கு அதுகூட இல்லை. அந்தப் பேச்சோட இதையும் சேர்த்துவிட்டால் போதும். உனக்கென்று தனி பிளேடு வைத்துக்கொள், எரிந்தால் வந்து சொல் என்று. நாவிதர் காலத்தில் கத்தி பிடிக்கப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். இப்போது பிடிக்கிறது நம்ம கைதான், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் இன்னும் தேவை.