சிறப்பு வகுப்பு யாருக்கு?

அமெரிக்கப் பெருநகரங்களில் அரசாங்கப் பாடசாலைகளின் இடைநிலை வகுப்புகளுக்குத் தம் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் அண்மைக் காலத்தில் ஒரு கோரிக்கையை வலியுறுத்தி வருகின்றனர். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கெனச் சிறப்பு வகுப்புகள் வேண்டும், எடுத்துவிட்ட இடங்களில் அவற்றை மீண்டும் அமைத்தல் வேண்டும் என்பதே அது. சான் பிரான்சிஸ்கோவில் 2014ஆம் ஆண்டு எட்டாம் வகுப்பிலிருந்து அட்சரகணிதத்தை நீக்கி, எல்லோருக்கும் ஒன்பதாம் வகுப்பிலேயே அதனைக் கற்பிப்பதென முடிவாயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 2024 மார்ச் மாதம், அப்பாடத்தை மீட்டுத் தருமாறு கோரிய பிரேரணையை வாக்களித்தோரில் ஐந்தில் நான்கு பங்கினர் ஆதரித்தனர். இதனை வசதி படைத்தோரின் தன்னலம் என ஒரு சாரார் ஒதுக்குகின்றனர்; திறமைக்குரிய மதிப்பு என மறுசாரார் போற்றுகின்றனர். சிறப்பு வகுப்பு அந்நாட்டு நகரங்களில் எவ்வாறு தோன்றியது என்பதை நோக்காமல் இவ்விரு கூற்றுக்களையும் எடைபோடுதல் இயலாது.

நுண்மதிப் பரீட்சையின் வரலாற்றோடு பிணைந்தது இக்கதை. பாரிஸ் நகரில் 1905ஆம் ஆண்டு பினே என்னும் உளவியலாளர் ஓர் அளவுகோலை வகுத்தார். கற்றலிற் பின்தங்கிய பிள்ளைகளை இனங்கண்டு உதவுவதே அவர் நோக்கம். அமெரிக்காவில் ரேர்மன் 1916இல் அதனைத் திருத்தியமைத்தபோது நோக்கம் தலைகீழாயிற்று. பிறவியிலேயே நிலைத்துவிட்ட அறிவின் அளவை அது காட்டுவதாகக் கொள்ளப்பட்டது. முதலாம் உலகப் போரில் சுமார் 17 இலட்சம் படைவீரர் மீது இத்தகைய பரீட்சைகள் நடத்தப்பட்டன. போர் முடிந்ததும் அவை பாடசாலைக்குள் நுழைந்தன. டெட்ரோயிட் நகரில் 1920இல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளையே பரீட்சித்து, மேல் 20 வீதத்தினர், இடை 60 வீதத்தினர், கீழ் 20 வீதத்தினர் என மூன்றாகப் பிரித்தனர். கார்த் தொழிற்சாலைகளுக்கு ஐரோப்பாவிலிருந்தும் தென்மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்த நகரம் அது. யார் கீழ்ப்பிரிவில் விழுந்திருப்பர் என்பதை ஊகிக்கப் பெரும் ஆராய்ச்சி வேண்டியதில்லை.

எனினும், நாம் விரிவாக நோக்க வேண்டியது தலைநகரான வாஷிங்டனையே. அந்நகரப் பாடசாலைகளில் இனப்பிரிப்புச் செல்லாதென உச்ச நீதிமன்றம் 1954 மே 17ஆம் தேதி தீர்ப்பளித்தது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தனர். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1956இல் உயர்நிலை வகுப்புகளில் ‘தட முறை’ புகுந்தது. 1959இல் கீழ் வகுப்புகளுக்கும் பரவியது. சிறப்பு, பொது, அடிப்படை என்று பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். உயர்நிலையில் பல்கலைக்கழகம் செல்வோர்க்கு மற்றொரு தடமும் இருந்தது. இம்முறையை வகுத்த கார்ள் ஹான்சன் இனவெறியர் அல்லர். இனப்பிரிப்பு நீங்கியதை வரவேற்றவர். இதனை அழுத்திச் சொல்கிறோம். தீயவர் ஒருவரின் சூழ்ச்சியாக இக்கதையைச் சொல்லிவிட்டால் அதன் பொருள் நமக்குப் பிடிபடாது போகும். ஆண்டாண்டு காலம் வறிய பாடசாலைகளிற் படித்த பிள்ளைகள் பரீட்சையிற் குறைந்த புள்ளிகள் பெற்றனர். அக்குறையை நிர்வாகம் பிள்ளையின் இயல்பாக எண்ணியது. கலப்புப் பாடசாலையைக் கண்டு அஞ்சி நகரை விட்டு நீங்கிய வெள்ளை நடுத்தர வர்க்கத்தாரில் எஞ்சியோர்க்குச் சிறப்பு வகுப்பு ஒரு புகலிடமாயிற்று. ஒரே கூரை இருந்தது. அதன் கீழ் மீண்டும் சுவர்கள் எழுந்தன.

இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் ஒரு தந்தை. ஜூலியஸ் ஹொப்சன் பொருளியல் கற்றவர். அரசாங்க அலுவலகமொன்றிற் புள்ளிவிபரங்களோடு பணிபுரிந்தவர். தம்மை மார்க்சியவாதியென வெளிப்படையாகக் கூறிக்கொண்டவர். வறியோர் குடியிருப்புகளில் எலித்தொல்லையை நகர நிர்வாகம் கவனியாதபோது, எலிகளைப் பிடித்துச் செல்வந்தர் வாழும் பகுதியில் விடப்போவதாக அச்சுறுத்தியவரும் அவரே! ஆயினும் நீதிமன்றத்தில் அவரது படைக்கலம் எண்களே. பெரும்பாலும் கறுப்புப் பிள்ளைகள் பயிலும் ஆரம்பப் பாடசாலைகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றுக்குச் செலவான தொகையின் இடைப்பெறுமானம் 292 டொலர். வெள்ளைப் பிள்ளைகள் பெரும்பான்மையாயுள்ள பாடசாலைகளில் 392 டொலர். இன்னொரு செய்தி இதனினும் கொடிது. அடிப்படைத் தடத்தில் இருந்த அல்லது அதில் இடப்படவிருந்த 1,272 பிள்ளைகளை 1965இல் உளவியலாளர் மீளப் பரிசோதித்தனர். அவர்களுள் 820 பேர் அத்தடத்திற்கு உரியவரல்லர் எனத் தெரியவந்தது. மூன்றில் இரண்டு பங்கினர்! நாம் நாள்தோறும் புள்ளியிடும் தொழிலில் இருப்பவர்கள். அவ்வெண்ணிக்கையை விரைந்து கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை.

நீதிபதி ஸ்கெலி றைட் 1967 யூன் 19ஆம் தேதி தட முறையை ஒழிக்குமாறு தீர்ப்பளித்தார். வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகளை அளவாகக் கொண்டு ஆக்கப்பட்ட பரீட்சைகள் ஏனையோரின் ஆற்றலை அளக்கமாட்டா என்பது அவர் காட்டிய நியாயங்களில் ஒன்று. ஹான்சன் பதவி துறந்தார். ஆனால் அதற்குள் நகரப் பாடசாலை மாணவரில் பத்தில் ஒன்பது பங்கினர்க்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவராயிருந்தனர். சுவர் இடிந்தது, அதற்கு மறுபுறம் இருந்தோர் பலர் ஏற்கெனவே புறநகர் சேர்ந்துவிட்டனர். தீர்ப்பு ஒரு தடையை அகற்றியது. சிறப்புத் தடத்தில் ஒரு சிலருக்குக் கிடைத்த பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் எவ்வாறு சென்றடையும் என்பதற்கு அதில் வழி இருக்கவில்லை.

அவ்வழியைத் தேடியவரும் ஒரு தந்தையே. றொபேட் மோசெஸ் 1960களின் முற்பகுதியில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்யும் இயக்கத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்; பின்னர் தன்சானியாவில் கணிதம் கற்பித்தவர். 1982ஆம் ஆண்டு மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், எட்டாம் வகுப்பிலிருந்த அவரது மகளுக்கு அட்சரகணிதம் கற்கும் வாய்ப்பு அப்பாடசாலையில் இருக்கவில்லை. வேறொரு தந்தையாயின் சிறப்பு வகுப்பொன்றைக் கேட்டிருப்பார். மோசெஸ் வகுப்பறைக்குள் சென்று மகளோடு வேறு சில பிள்ளைகளையும் இருத்திக் கற்பித்தார். அதன்பின் அப்பாடசாலையில் ஏழாம் வகுப்புப் பெற்றோரிடம் இரண்டு வினாக்கள் கேட்கப்பட்டன: உங்கள் பிள்ளை அட்சரகணிதம் கற்க வேண்டுமா? எல்லாப் பிள்ளைகளும் கற்க வேண்டுமா? ஏறத்தாழ எல்லாப் பெற்றோரும் தம் பிள்ளை கற்கவேண்டும் என்றனர். எல்லாப் பிள்ளைகளும் கற்கவேண்டும் என்றோர் சிலரே. புலமைப்பரிசிற் பரீட்சைக் காலத்தில் நம் பாடசாலை வாயில்களில் நிற்கும் பெற்றோரோடு பேசிய ஆசிரியர்க்கு இம்முரண்பாடு புதியதன்று.

பெற்றோரின் விடைகளைக் கூட்டிப் பார்த்தால், எல்லோரும் கற்கவேண்டும் என்பதே வரும். பாடசாலையும் அவ்வாறே கொண்டு எல்லோரையும் அழைத்தது. அழைத்தால் மட்டும் போதுமா? எண் கணிதத்திலிருந்து அட்சரகணிதத்திற்குத் தாவும் இடத்தில் பிள்ளைகள் இடறுவதை மோசெஸ் கண்டார். எனவே நகரின் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் அவர்களை அழைத்துச் சென்றார். பயணத்தைப் படமாக வரையச் செய்தார்; தம் வீட்டுப் பேச்சில் அதைப் பற்றி எழுதச் செய்தார்; பின்னரே குறியீடுகளுக்கு வந்தார். ஒரு நிலையத்தைப் பூச்சியமாகக் கொண்டால், ஒரு திசையிற் செல்வது நேர் எண், மறு திசையிற் செல்வது மறை எண். ‘எத்தனை’ என்று மாத்திரம் கேட்டுப் பழகிய பிள்ளை ‘எத்திசையில்’ என்றும் கேட்கத் தொடங்குகிறது. அட்சரகணிதம் தெரியாதவன் புதிய பொருளாதாரத்தில் வாக்குரிமையற்ற குடியானவனுக்கு ஒப்பாவான் என்பது மோசெஸின் கருத்து. பணியாளரை வேண்டி நிற்கும் முதலாளிகளும் இதையே வேறு நோக்கத்தோடு சொல்வதால், நாம் இதனைச் சற்று நிதானித்தே ஏற்கிறோம். ஆயினும் அவரது கற்பித்தல் முறையில் நமக்கு ஐயமில்லை.

அதே கேம்பிரிட்ஜ் நகரில் 2017க்கும் 2019க்கும் இடையில் இடைநிலை வகுப்புகளின் உயர்தரக் கணித வகுப்புகள் எடுக்கப்பட்டன. அவ்வகுப்புகளில் வெள்ளையரும் ஆசியரும் மிகுந்திருந்தமையே காரணம். பணமுள்ளோர் வெளியே தனிப்பாடத்திற்குக் காசு கட்டி அட்சரகணிதம் வாங்கினர். இல்லாதார் பிள்ளைகள் அதுவுமின்றி நின்றனர். 2023இல் பெற்றோரின் குரல் உரத்தபோது, முறைப்பட்டோருள் வறிய பெற்றோரும் இருந்தனர். எட்டாம் வகுப்பினர் எல்லோருக்கும் 2025இல் அட்சரகணிதம் கற்பிக்கப்படுமெனக் கல்வி நிர்வாகம் அவ்வாண்டு அறிவித்தது. மோசெஸ் இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2021 யூலையில் காலமாகியிருந்தார்.