இராசராசேச்சரத்து முத்துக் கணக்கு

நவமணிகளுள் முத்து பட்டை தீட்டப்படுவதன்று. அதன் நலமும் குற்றமும் சிப்பியின் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றன. ஆகலின் விலை பேசுமுன் உருவும், ஒளியும், பருமையும், நிறையும் தேர்ந்து கோடல் வேண்டுமென்பது முத்து வாணிகர் கண்ட முறையாகும்.

கொற்கைத் துறையை உடைய தமிழகத்தார்க்கு இத் தேர்ச்சி மிகப் பழையது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, மதுரை மணிக்கடை வீதியைக் கூறுமிடத்துக் காற்று, மண், கல், நீர் என்னும் நான்கானும் முத்திற்கு வரும் குற்றங்களைச் சுட்டுகின்றது. பிற்காலத்தே மன்னார்க் கடற்சலாபத்தில் வணிகர் துளையிட்ட பித்தளைத் தட்டுகளாற் சலித்துப் பருமை பிரித்தனர். பின்னர் உருவும் நீரோட்டமும் நோக்கி ஆணி முதல் தூள் ஈறாகத் தரம் வகுத்தனர். குற்றமின்றி உருண்டு ஒளிர்வதே ஆணிமுத்து. தூத்துக்குடியில் அச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றது.

வணிகன் தன் ஊதியங் கருதித் தேர்வது இயல்பு. சிவபெருமானுக்கு உரிமையாக்கப்பட்ட முத்தையும் அங்ஙனமே தேர்ந்தனர் என்பதற்குத் தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் சான்றாம். முதலாம் இராசராசனும் அவன் தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரும் அளித்த அணிகளிற் கோத்த முத்துக்கள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து எனப் பகுக்கப்பட்டன. அவற்றோடு கறடும், இரட்டையும், சப்பத்தியும், சக்கத்தும் மறையாது எழுதப்பட்டன. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என ஒளியின் வேறுபாடும் குறிக்கப்பட்டது. அணிகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனச் சிறிதும் விடாது நிறையும், காசால் விலையும் பொறிக்கப்பட்டன.

சக்கரவர்த்தி ஈந்த முத்தைக் கறடென்று எழுதக் கோயிற் கணக்கர் அஞ்சிற்றிலர். எழுதுவித்த மன்னனும் நாணிற்றிலன். வட்டமுத்தைக் கவர்ந்து கறட்டைக் கோத்துவைப்பார் பின்னொரு நாள் தோன்றினும், கல்லிலுள்ள கணக்கே அவரைக் காட்டிக்கொடுக்கும். பொதுப்பட ‘நன்முத்து’ என்று எழுதியிருப்பின் அது புகழுரையாமேயன்றிக் காவலாகாது. ஆகவே குற்றத்தைக் கூறியது கொடையை இழித்ததன்று, சிவச்சொத்தைக் காத்ததேயாம்.

மதுரையில் அபிடேகபாண்டியன் முடிசூட்டுக்கு மணி வேண்டி அமைச்சர் வருந்திய ஞான்று, ஆலவாயண்ணல் வணிகராய் எழுந்தருளினார் என்பது பரஞ்சோதி முனிவர் அருளிய மாணிக்கம் விற்ற படலம். ஆண்டு மணிகளின் பிறப்பும் இலக்கணமும் விரித்துரைக்கப்படுகின்றன. கொடுக்க வந்த முதல்வனே இலக்கணமும் உணர்த்தினன் எனின், அவனுக்குக் கொடுப்பார் தம் பொருளின் குணங்குற்றங்களை உள்ளவாறு உரைத்தல் முறையன்றோ?

இராசராசன் அளித்த அவ்வணிகள் இன்று காணக் கிடைப்பனவல்ல. முத்துப் போயினும் அதன் குற்றத்தையும் மறையாத வாய்மை கல்லில் நின்று விளங்குகின்றது. திருக்கோயிற் பொருளைக் கையாளுவார்க்கு அதுவே ஆணிமுத்தாம்.