புலிகுத்திப்பட்டான் கற்களும் உதிரப்பட்டியும்

நடுகல் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவில் எழுவது போர்க்களம்தான். ஆனால் பழைய தகடூர் நாட்டுப் பகுதியில், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், ஊர்ப்புறங்களைச் சுற்றி வருபவர்கள் வேறொரு வகைக் கல்லையும் காணலாம். அதில் எதிரி மனிதனல்லன். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் ஒரு புலி. வீரனின் வாளோ குத்துவாளோ அதன் உடலில் பாய்ந்திருக்கும். அதன் முன்னங்கால் வீரனின் உடலைப் பற்றியிருக்கும். இவற்றையே புலிகுத்திப்பட்டான் கற்கள் என்கிறோம்.

'பட்டான்' என்றால் இறந்தான் என்று பொருள். புலியால் இறந்தான் என்று இப்பெயர் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். புலியைக் குத்தினான், அதன்பின் பட்டான். இறப்பைவிட அதற்கு முந்தைய செயலையே ஊரார் பெயராக வைத்தனர்.

தொறு என்னும் செல்வம்

இக்கற்களைப் புரிந்துகொள்ள, அன்று கால்நடை எதுவாக இருந்தது என்பதை அறிய வேண்டும். மழை குறைந்த, குன்றுகளும் காடும் மிகுந்த இம்மேட்டுநிலத்தில் ஆநிரையே முதன்மைச் செல்வம். கல்வெட்டுகள் அதைத் 'தொறு' என்று குறிக்கின்றன. தொறு கவர்தலும் தொறு மீட்டலும் சங்க இலக்கியத்தின் வெட்சி, கரந்தைத் திணைகளாக விரிந்தன. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்றும் ஆகோள் பூசலைப் பற்றியதே. நாமறிந்த மிகப் பழைய நடுகல் எழுத்துகளிலேயே மாடு இடம்பெற்றுவிட்டது!

தொறுவுக்கு இரண்டு பகைவர்கள் இருந்தனர். ஒருவன் பக்கத்து நாட்டு மறவன். மற்றொன்று காட்டு விலங்கு. முன்னதை எதிர்த்த வீரனின் கல்லில் பெரும்பாலும் ஓர் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். அப்பூசலில் ஓர் அரசியல் இருந்தது. புலியை எதிர்த்தவனின் கற்கள் பலவற்றில் எழுத்தே இல்லை. அவன் மடிந்ததால் எந்த நாட்டின் எல்லையும் விரியவில்லை. பட்டியில் அடைத்திருந்த சில மாடுகள் பிழைத்தன, அவ்வளவே. அதற்கும் ஊர் கல் நட்டது என்பதுதான் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம்.

காவலில் மனிதனுக்குத் துணைநின்ற விலங்கையும் அக்காலத்தார் மறக்கவில்லை. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவகத்தி என்பவனுடன், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் பெயர் பெற்றுள்ளது. கருநாடகத்து மண்டியப் பகுதியின் ஆதகூர்க் கல், 10ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், காட்டுப்பன்றியோடு போராடி மடிந்த காளி என்னும் வேட்டைநாய்க்காக எடுக்கப்பட்டது. இன்று அது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. இவ்விரு கற்களுக்கும் இடையில் மூன்று நூற்றாண்டு இடைவெளியும் மொழி வேறுபாடும் உண்டு, உணர்வு ஒன்றே.

அரசர்களின் புலியும் ஆயர்களின் புலியும்

புலியைக் கொல்லும் காட்சிக்கு அரசவையிலும் மதிப்பு இருந்தது. ஆசானின் ஆணைப்படி சளன் என்னும் இளைஞன் புலியைக் கொன்றதால் ஹொய்சளர் என்ற பெயர் வந்தது என்பது அம்மரபினரின் குலக்கதை. பேலூரிலும் ஹளேபீடிலும் அச்சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே ஹொய்சள மரபின் வீர இராமநாதன் 13ஆம் நூற்றாண்டில் முதலில் கண்ணனூரிலும் பின்னர் குந்தாணியிலும் இருந்து ஆண்டான். வேப்பனப்பள்ளிக்கு அருகிலுள்ள சின்னக்கொத்தூரே அந்தக் குந்தாணி என்பது ஆய்வாளர் கருத்து. ஆக, புலியைக் கொன்றவனைத் தன் இலச்சினையாகக் கொண்ட மரபும், புலியிடம் உயிர் இழந்த பெயரறியா ஆயனின் கல்லும் இவ்வொரே நிலத்தில் அருகருகே இருந்தன. இலச்சினையில் வீரன் எப்போதும் வெல்கிறான். நடுகல்லில் அவன் இறக்கிறான். வரலாற்றுக்கு நெருக்கமானது எது என்று சொல்லவும் வேண்டுமோ?

குருதிக்கு ஈடான நிலம்

கல் நடுவதோடு ஊரின் கடமை முடிந்துவிடவில்லை. ஊருக்காகப் பட்டவனின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கம் இருந்தது. தமிழில் இதனை உதிரப்பட்டி என்றனர். இவ்வெல்லைப் பகுதியில் நெத்தர்பட்டி என்ற சொல்லும் வழங்கியது. நெத்தர் என்பது கன்னடத்தில் குருதி. இருமொழி மக்கள் கலந்து வாழும் இந்நிலத்தில் அறமும் இரு மொழிகளில் பெயர் பெற்றது!

எல்லாக் கற்களிலும் இக்கொடை பற்றிய குறிப்பு இருப்பதில்லை. எனினும் இவ்வழக்கத்தின் பின்னுள்ள எண்ணம் தெளிவானது. விலங்கோ பகைவனோ விளைத்த இழப்பு ஒரு வீட்டின் தனித் துயரன்று; அதை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். காட்டின் ஓரத்தில் வாழ்வதற்கான விலையை ஒருவன் மட்டும் செலுத்தலாகாது.

வெகுமதியின் காலம்

1792இல் பாராமகாலும் 1799இல் ஓசூர்ப் பகுதியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வுறவு தலைகீழானது. மாட்டை இழந்தவனுக்கு ஈடு என்பது போய், விலங்கின் தோலைக் கொண்டுவருபவனுக்கு வெகுமதி என்றாயிற்று. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் 80,000க்கும் மேற்பட்ட புலிகளும் 1,50,000க்கும் மேற்பட்ட சிறுத்தைகளும் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடுகிறார்.

இக்காலத்தின் இறுதிப் பகுதியை, பெங்களூரைச் சேர்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பதிவுசெய்துள்ளார். 1954இல் வெளிவந்த அவரது முதல் நூலில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியும் கும்மளாபுரத்தின் ஆட்கொல்லிச் சிறுத்தையும் தனித்தனிக் கதைகளாக இடம்பெறுகின்றன. வேட்டைத் துப்பாக்கி செய்ததைவிட அமைதியாக வேலை செய்தது நஞ்சு. விலங்கு அடித்துப்போட்ட மாட்டின் உடலில் பூச்சிக்கொல்லியைத் தூவிவிட்டால், மீண்டும் உண்ண வரும் புலி திரும்பிப் போகாது. ஆனால் அதே உடலைத் தின்ற நரியும் கழுகும் சேர்ந்தே மடிந்தன. புலியின் முன் நேர்நின்று குத்திய கையும், இருளில் நஞ்சு தூவிய கையும் ஒரே நிலத்தின் கைகள்தாம். ஊர் ஈடு தராத இடத்தில் வீரம் நஞ்சாக மாறியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய உதிரப்பட்டி

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2014இல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022இல் அதையொட்டிக் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இக்காடுகளுக்குச் சில மணிநேரத் தொலைவிலேயே ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டைகள் மூன்று ஷிப்டுகளாக இயங்குகின்றன. தொழிற்சாலைக்குச் செல்லும் மகனும், ஆடு மேய்க்கும் தாயும் ஒரே வீட்டில் வாழும் நிலம் இது. சிறுத்தை எடுத்துப்போவது அந்தத் தாயின் ஆட்டைத்தான்.

மேய்ச்சலும் சுருங்கிவிட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை விதித்து, பின்னர் அத்தடையைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் அளவில் நிறுத்தியது. காவிரிக் கரைக் காடுகளில் பட்டி போட்டு வளர்க்கப்பட்ட ஆலம்பாடி மாடுகளின் மரபுக்கு இது சிறிய செய்தியன்று.

காட்டு விலங்கு கொன்ற கால்நடைக்கு அரசு இழப்பீடு வழங்குகிறது. இதனைச் சிலர் சலுகை என்பர். நடுகற்களைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். சிறுத்தை இன்று நாட்டின் பொதுச் செல்வம். அதைக் காக்கும் செலவும் பொதுவாகவே இருத்தல் முறை. இழப்பீடு என்பது நம் முன்னோரின் உதிரப்பட்டி. அது தாமதமின்றியும் குறைவின்றியும் சேருமாயின், நஞ்சு தூவும் கைக்கு வேலை இராது.

இவ்வட்டாரத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன, அவை பிழைக்கும். வழிபாடு நின்றுபோனவையே கவலைக்குரியவை. சாலை விரிவாக்கத்திலும் வீட்டுமனைப் பிரிவுகளிலும் அவை வெறுங்கல்லாகிப் புரட்டப்படுகின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் செல்லும் நண்பர்கள் வயல் வரப்பில் புலியோடு நிற்கும் வீரனைக் கண்டால், ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கோ அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். நான்கு மாட்டுக்காக இறந்தவனை மறக்கக்கூடாது என்று ஓர் ஊர் எடுத்த முடிவு அக்கல்லில் இருக்கிறது.