சென்னை சூப்பர் கிங்ஸ் மறுசீரமைப்பு (2020–2021)

சென்னை சூப்பர் கிங்ஸ் மறுசீரமைப்பு என்பது, 2020 இந்தியன் பிரீமியர் லீக் தொடரில் பின்தங்கிய சென்னைத் துடுப்பாட்ட அணி, 2021 தொடருக்கு முந்தைய இடைவெளியில் மேற்கொண்ட வீரர் மாற்றங்களைக் குறிக்கும்.

பின்னணி

2020 தொடர் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைபெற்றது. தொடர் தொடங்குமுன்பே சுரேஷ் ரைனா நாடு திரும்பினார். 14 ஆட்டங்களில் ஆறில் மட்டும் வென்ற அணி, எட்டு அணிகளுள் ஏழாமிடம் பெற்றது. தான் பங்கேற்ற தொடர்களில் அடுத்த சுற்றுக்கு அது தகுதி பெறாதது இதுவே முதன்முறை.

மாற்றங்கள்

ஷேன் வாட்சன் ஓய்வு பெற்றார். ஹர்பஜன் சிங், கேதார் ஜாதவ், பியூஷ் சாவ்லா, முரளி விஜய் உள்ளிட்டோர் விடுவிக்கப்பட்டனர். ராபின் உத்தப்பா ராஜஸ்தான் ராயல்சிடமிருந்து பெறப்பட்டார். 2021 பெப்ரவரியில் சென்னையில் நடந்த ஏலத்தில் கிருஷ்ணப்பா கௌதம் 9.25 கோடி ரூபாய்க்கும், மொயீன் அலி 7 கோடி ரூபாய்க்கும் எடுக்கப்பட்டனர். அணித்தலைவர் தோனி, ரைனா, கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜெகதீசன் முதலியோர் தக்கவைக்கப்பட்டனர்.

விளைவு

மிகுந்த விலை பெற்ற கௌதம் 2021 தொடரில் ஓர் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. தக்கவைக்கப்பட்ட ருதுராஜ் கெயிக்வாட் 635 ஓட்டங்களும், ஃபாஃப் டு பிளெசி 633 ஓட்டங்களும் குவித்தனர். மொயீன் அலி 357 ஓட்டங்கள் சேர்த்தார். முதலாம் தகுதிச் சுற்றில் உத்தப்பா 63 ஓட்டங்கள் எடுத்தார். 2021 அக்டோபர் 15 அன்று துபாயில் நடந்த இறுதியாட்டத்தில் கொல்கத்தா நைட் ரைடர்சை 27 ஓட்டங்களால் வென்று, சென்னை அணி நான்காம் முறையாக வாகை சூடியது.