டாடா மொபைல் 206: பெயின்ட்டுக்கு முன்னாடி சேஸிஸைப் பாருங்க

கொட்டாம்பட்டி பக்கம் நாலுவழிச் சாலையோரம் ஒரு பழைய டாடா மொபைல் 206 விலைக்கு நிற்குதுன்னு வைங்க. பளபளப்பைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.

லாரிக்குப் பேர்போன டெல்கோ 1988-ல் இறக்கிய பிக்கப் இது. 1991-ல் வந்த சியரா, அடுத்த வருஷம் வந்த எஸ்டேட் ரெண்டும் இதை அடிப்படையா வச்சு உருவானவை. லாரி மாதிரியே தனி சேஸிஸ், அதுக்கு மேல பாடி. அதனால நான் முதல்ல குனிஞ்சு பார்க்கிறது வண்டிக்கு அடியிலதான். துருப்பிடிச்ச கதவை மாத்திடலாம். சேஸிஸில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருந்தா விட்டுடுங்க. அதில் பொறிச்ச எண்ணும், இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோட ஒத்துப்போகணும். எஃப்.சி. நடப்பில் இருக்கா, கடன் பாக்கி இருக்கான்னும் பாருங்க. எண் ஒத்துப்போகலைன்னா வண்டியை உங்க பேருக்கு மாத்தறது பெரும்பாடு. கொடுத்த காசுக்குப் பழைய இரும்புதான் மிஞ்சும்.