பட்டுப்பூச்சி: உண்ணும் பருவமும் இணையும் பருவமும்

காஞ்சிபுரத் தறிகளில் ஓடும் இழையைத் தருவது பாம்பிக்ஸ் மோரி என்னும் முசுக்கொட்டைப் பட்டுப்பூச்சி. பசியும் இணை தேடும் வேட்கையும் ஒன்றையொன்று நெருக்குவது விலங்குகளிடம் பரவலாக உண்டு. மதம் கொண்ட ஆண் யானை துணை தேடி அலைவதில் தீனியைக் குறைத்து உடல் மெலியும். பட்டுப்பூச்சி இந்த இரண்டையும் வெவ்வேறு பருவங்களுக்குப் பிரித்துக்கொண்டது.

புழுவுக்குத் தின்பதே வேலை. நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாளில் எடையைச் சுமார் 10,000 மடங்கு கூட்டிக்கொள்கிறது. அது தின்னும் மொத்த இலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடைசியான ஐந்தாம் பருவத்தில்தான் தீர்கிறது. அந்த நாட்களில் வளர்ப்பு மனையில் காலையில் போட்ட தழை, சற்று நேரத்தில் காம்பும் நரம்புமாகக் கிடக்கும். இளம்பருவ இயக்குநீர் உடலில் இருக்கும்வரை புழு புழுவாகவே நீடிக்கும். கடைசிப் பருவத்தில் அது வற்றிய பின் தீனி நிற்கிறது. உடல் ஒளி ஊடுருவுவதுபோல் ஆகிறது. முதிர்ந்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகை என்னும் கூடுகட்டும் தட்டில் விட்டால், இரண்டு மூன்று நாளில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீள இழையால் கூடு கட்டிவிடும்.

கூட்டிலிருந்து வரும் பூச்சிக்கு வாயுறுப்புகள் செயல்படுவதில்லை. தண்ணீர்கூட அருந்தாமல், புழுப்பருவத்துச் சேமிப்பிலேயே சில நாள் வாழ்கிறது. பறக்கவும் வராது. பெண் தன் வயிற்று நுனிச் சுரப்பிகளை வெளியே நீட்டும். அவற்றின் மணத்தை உணர்ந்த ஆண் சிறகடித்தபடி சுற்றிச் சுற்றி நடந்து நெருங்கும். இந்த மணத்துக்குக் காரணமான பாம்பிக்கால் என்னும் பொருளை, சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து பிரித்து 1959-இல் அறிவித்தார் ஜெர்மன் வேதியியலர் அடால்ஃப் புடெனாண்ட். விலங்குலகில் முதன்முதலாக வேதியமைப்பு கண்டறியப்பட்ட பாலினக் கவர்ச்சிப் பொருள் அதுவே.

தின்ற சத்தை முட்டைக்குச் செலவிடுவதா, பட்டுக்குச் செலவிடுவதா என்ற போட்டி மட்டும் கூட்டில் தெரிகிறது. பெண், முட்டைகளுக்கென்று சத்தை ஒதுக்குகிறது. ஆண், குறைந்த இலை தின்று எடைக்கு ஏற்பக் கூடுதல் பட்டு தருகிறது.

நூலுக்கான கூடுகளைப் பூச்சி வெளிவரும் முன்பே சூடேற்றுவார்கள். விட்டால் அது கூட்டைத் துளைத்து இழையைக் கெடுத்துவிடும். ஒரு முகூர்த்தப் புடவைக்குச் சில ஆயிரம் உயிர்கள் இணையும் பருவத்தையே காணாமல் மடிகின்றன. பட்டைப் புகழ்ந்து எழுதுவோர் இதை விட்டுவிடக் கூடாது. இணையும் வாய்ப்பு முட்டை உற்பத்தி நிலையங்களில் வெளிவரும் விதைக்கூட்டுப் பூச்சிகளுக்கே. அங்கே சில மணி நேரம் சேரவிட்டு, ஆணைப் பிரித்துக் குளிரில் வைத்து, மறுபடியும் பயன்படுத்துவதுண்டு. முட்டையிட்ட பெண்ணை அரைத்து, பெப்ரின் நோய்க்கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 1860-களில் லூயி பாஸ்டர் வகுத்த முறை இது. கிருமி தென்பட்டால் அந்தத் தாயின் முட்டைகளை அழித்துவிடுவார்கள்.