முதலையும் காளானும்

லப்பைக்குடிக்காட்டில், வெள்ளாற்றங்கரையோரம் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். கொள்ளிடத்து முதலை ஒன்று கரையேறிவிட்டதாகப் பத்திரிகையில் செய்தி. கடை முழுவதும் அதே பேச்சு. ஒரு பெரியவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

"என்ன பாய், பேசாமல் இருக்கிறீர்கள்?" என்றேன்.

"முதலைக்கு என்ன தம்பி, சர்க்கார் இருக்கிறது. என் வயலோரத்துப் புற்றைப் போன வருஷம் மிஷின் விட்டு இடித்தார்கள். இடிமழை பெய்தால் கூடை நிறையக் காளான் கொடுத்த புற்று. அதற்கு யார் இருக்கிறார்கள்?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது சரித்திரமாகப் பட்டது.

தோலுக்காக முதலையைச் சுட்டுத் தள்ளிய காலம் ஒன்று உண்டு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல் மத்திய சர்க்கார் முதலைத் திட்டத்தைத் தொடங்கிற்று. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து நீர்நிலைகளில் விட்டார்கள். அடுத்த ஆண்டே சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தோன்றியது. இன்று சிதம்பரம் பக்கம் முதலை ஊருக்குள் வந்தால், வனத்துறையார் பிடித்து வக்காரமாரிக் குளத்தில் விடுகிறார்கள். ஆற்றில் இறங்கி அதற்கு உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பயப்படுகிற பிராணியை மனிதன் மறப்பதில்லை. உலகில் முதலையினங்கள் முப்பதுக்கும் குறைவு. எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது.

காளானுக்கு? விஞ்ஞானிகள் பெயரிட்ட பூஞ்சையினங்கள் ஏறத்தாழ 1,55,000. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2025 மார்ச் வரை நிலைமையை ஆராய்ந்து பட்டியலிட்டவை சுமார் 1,300. அவற்றில் 411 இனங்களாவது அழியும் அபாயத்தில் இருக்கின்றன. காடு அழிவதும், நிலம் உருமாறுவதும் முக்கியக் காரணங்கள். மற்றவற்றின் கதி யாருக்குத் தெரியும்?

புற்றுக்காளான் தானாக முளைப்பதல்ல. கரையான் சருகையும் கட்டையையும் மென்று, புற்றுக்குள் தோட்டம் போட்டு, அந்தப் பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை அதைப் பக்குவப்படுத்தித் தர, கரையான் உண்கிறது. சிப்பிக்காளானைப் போல வைக்கோலில் அதை வளர்த்துவிட முடியாது. புற்று போனால் இரண்டு குடும்பமும் போயிற்று. முதலை முட்டையைப் போல எடுத்து அடைகாக்க அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

முதலையைக் காத்ததில் தவறில்லை. பல்லில்லாததையும் ஒரு கணக்கில் எழுதியிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் எழுந்தபோது மேற்கே இடி முழங்கிற்று. பெரியவர் பழக்கதோஷத்தில் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.